ஒரு மாத்திரை, இரண்டு மருந்து

அம்மாவுக்குப் பித்தப்பையை எடுக்க வேண்டியிருந்தது. ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தன. மாட்டிக்கொண்டது அவர் தினமும் போடும் பிரஷர் மாத்திரையில்தான்.

அம்மாவின் இரண்டு பிரஷர் மருந்துகளைப் பற்றி மயக்க மருந்து டாக்டர் முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தார்: "டெல்மிசார்டனை அறுவைக்கு 24 மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். மெட்டோப்ரோலாலை மட்டும் விடாதீர்கள். திடீரென்று விட்டால் இதயம் படபடக்கும்." ஃபைலிலும் எழுதினார். வார்டில் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை. அறுவை அன்று விடியற்காலையில், நான் பணம் கட்டும் வரிசையில் நின்ற நேரம் பார்த்து, "பிபி மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுவிடுங்கள் அம்மா" என்று நர்ஸ் சொல்ல, அம்மாவும் விழுங்கிவிட்டார்.

டாக்டர் மாத்திரை அட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பொடி எழுத்தில் டெல்மிசார்டன் 40, மெட்டோப்ரோலால் 50. இரண்டும் ஒரே மாத்திரைக்குள்! அறுவையை மறுநாளுக்குத் தள்ளிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு, காரணத்தைக் கேட்காமல் விடவில்லை. தூங்க வைக்கும் புரோப்போஃபோல் ரத்தக் குழாய்களைத் தளர்த்துமாம். உடம்பு அவற்றை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்கும்போது, டெல்மிசார்டன் அந்த வழிகளில் ஒன்றை ஏற்கெனவே அடைத்திருக்கும். வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று விழும். இதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது: 2024இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், இந்த வகை மாத்திரையைத் தொடர்ந்தவர்களுக்கு அறுவையின்போது அழுத்தம் அதிகம் விழுந்தது, ஆனால் பெரிய சிக்கல்கள் கூடவில்லை. அப்படியானால் அன்றே செய்திருக்கலாமோ? அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

மெட்டோப்ரோலாலைத் தனியாக வாங்கப் போனால், மருந்துக்கடைக்காரர் அதே கூட்டு மாத்திரையை நீட்டி, "எல்லாம் ஒன்றுதான் சார்" என்றார். ஒன்றல்ல. பிராண்டுப் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மருந்துப் பெயர்களைத் தாளில் எழுதிக் கையோடு வைத்திருங்கள்.

தண்ணீர் விஷயத்திலும் இதே கதை. நள்ளிரவுக்கு மேல் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்றது வார்டு. அம்மாவுக்கு அறுவைக்கு 2 மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் குடிக்கலாம், உடம்பு வறண்டிருந்தால் அழுத்தம் இன்னும் விழும் என்றார் டாக்டர். அதை நர்ஸ் முன்னாலேயே சொல்ல வைத்தேன்; அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு டம்ளர் வந்தது.

மறுநாள் மயக்க மருந்தைக் குறைந்த அளவில், மெதுவாக ஏற்றினார்களாம். அழுத்தம் லேசாக இறங்கியதும், தயாராக வைத்திருந்த, அழுத்தத்தை ஏற்றும் ஃபினைல்எஃப்ரின் மருந்து சிரிஞ்சிலிருந்து கொஞ்சம் கொடுத்ததில் சரியாகிவிட்டது.

டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தால், டெல்மிசார்டனை மறுபடி எப்போது தொடங்குவது என்ற வரியே இல்லை. கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்து, எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.