தொகையிட முடியாத ஒரு தொகையீடு

உயர்தரத்தில் இணைந்த கணிதத்தில் நல்ல பெறுபேறு எடுத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் படிக்கப் போன ஹட்டன், தலவாக்கலைப் பிள்ளைகள், எனக்குத் தெரிந்தே பலர், முதலாம் வருடக் கணிதத்தில் திணறியிருக்கிறார்கள். எல்லாம் இங்கிலீசில் நடப்பதுதான் காரணம் என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் பெரிய இடறல் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கடந்தகால வினாத்தாள்களில் வரும் தொகையீடுகள், அதாவது ஒரு வளையியின் கீழுள்ள பரப்பைக் காணும் கணக்குகள், எல்லாமே செய்து முடிக்கக்கூடியவை. பிரதியீடு, பகுதிப் பின்னம், பகுதிகளாகத் தொகையிடல் என்று ஏதோ ஒன்று கைகொடுத்தே தீரும், கைகொடுக்காவிட்டால் பிழை நம்முடையதுதான் என்று வருடக்கணக்காகப் பழகிவிடுகிறோம்.

அதனால் பல்கலைக்கழகக் கணிதத்தை இந்த ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்வேன்: ஈ என்ற மாறிலி, அதன் அடுக்கில் சய எக்ஸ் வர்க்கம். பார்க்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது! ஆனால் நமக்குத் தெரிந்த சார்புகளைக் கொண்டு இதன் தொகையீட்டை எழுதவே முடியாது. நமக்குத் தெரியவில்லை என்பதல்ல, யாராலும் முடியாது. 1830களில் லியூவில் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் வகுத்த கோட்பாட்டைக் கொண்டு அதை நிறுவலாம்.

முடியாது என்று விட்டுவிடவும் முடியாது. புள்ளிவிவரவியலில் மணி வடிவ வளையியாக வரும் செவ்வன் பரம்பலின் நிகழ்தகவு முழுக்க இதில்தான் நிற்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுகிறதே, மேல்மண் திடீரென்று குளிர்ந்தால் அந்தக் குளிர் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று வெப்பச் சமன்பாட்டைத் தீர்த்துப் பார்த்தால், விடையில் வருவதும் இதே தொகையீடுதான். இரண்டு மடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு நேரம் பிடிக்கும் என்பதும் அங்கிருந்தே கிடைக்கிறது.

சரி, என்னதான் செய்வது? சார்பை எக்ஸின் அடுக்குகளின் முடிவில்லாக் கூட்டலாக, அதாவது டெய்லர் தொடராக விரித்து, உறுப்பு உறுப்பாகத் தொகையிட வேண்டும். 0 முதல் 1 வரை எடுத்தால் 1 சய 1/3 சக 1/10 சய 1/42 சக 1/216 என்று போகும். இந்த ஐந்தையும் கூட்டினால் 0.7475. உண்மைப் பெறுமானம் 0.7468. குறி மாறி மாறி, உறுப்புகளும் சிறிதாகிக்கொண்டே போவதால், வழு அடுத்த உறுப்பான 1/1320ஐத் தாண்டாது. எனக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியம். விடை தோராயமானது, ஆனால் எவ்வளவு தோராயம் என்பது நிச்சயமாகத் தெரியும். எல்லை, ஒருங்கல் (கூட்டிக்கொண்டே போகப் போக ஒரு பெறுமானத்தை நெருங்குவது) என்று விரிவுரையில் வருவதெல்லாம் பரீட்சைக்கான சடங்கு இல்லை, இந்த நிச்சயத்தைத் தருவதற்காகத்தான் அவை இருக்கின்றன. இதைச் சொல்லாமல் நேரே வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் மனனம் செய்யத்தான் செய்வார்கள்.

உயர்தரம் முடித்துவிட்டு அனுமதிக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகள் ஒரு கல்குலேட்டரோடு உட்கார்ந்து இதையே 0 முதல் 2 வரை செய்து பாருங்கள். முதல் மூன்று உறுப்புகளும் ஏறிக்கொண்டே போகும், பயப்பட வேண்டாம். அப்புறம் இறங்கத் தொடங்கும். பதினொரு உறுப்பு வரை கூட்டினால் வழு 0.01க்குள் வந்துவிடும்.