தூக்கிய தாருக்கு என்ன டயர்?

ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாற்றி என் மஹிந்திரா தார் வண்டியை ஏறக்குறைய 2 இன்ச் தூக்கியாகிவிட்டது. அன்றிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "டயரை எப்பங்கண்ணா பெருசு பண்றீங்க?" பொள்ளாச்சியில் டயர் கடைக்காரர் கேட்டார், மச்சான் கேட்டான், சிக்னலில் பக்கத்தில் நின்ற புல்லட்காரர்கூடக் கேட்டார். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் கை நுழைகிற மாதிரி இடைவெளி தெரிந்தால் நம் ஆட்களுக்கு மனசு கேட்பதில்லை. நான் பெரிசு பண்ணவில்லை. கம்பெனி சைஸிலேயே ஆல் டெரெய்ன் (ஏ.டி.), அதாவது ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவான டயர் போட்டிருக்கிறேன். ஆளாளுக்கு வாயால் விளக்கி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

வண்டி 2020-ல் வந்த புதிய மாடல் தார், டீசல், 16 இன்ச் இரும்பு வீல். டயர் சைஸ் 245/75 ஆர்16. வார நாட்களில் கிணத்துக்கடவு வழியாகக் கோயம்புத்தூர் போய்வருவதுதான் அதன் முக்கிய வேலை. மாலையில் தோப்பு. அவ்வப்போது வால்பாறை. எப்போதாவது உடன்குடிப் பக்கம் மாமனார் ஊர். அங்கே தோட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் சிவந்த தேரி மணல். ஆக, ஓடுகிற தூரத்தில் முக்கால்வாசிக்கு மேல் நல்ல தார்ச்சாலை. டயர் கடையில் இதைச் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை, வண்டி நிற்கிற உயரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

வண்டியைத் தூக்கியது வாய்க்கால் கரைக்காக. கரை மேல் ஏறி இறங்கும்போது வயிறு தட்டிக்கொண்டே இருந்தது. தூக்கியதும் அது நின்றது. ஆனால் ஸ்பிரிங் உயர்த்துவது பாடியையும் சேஸியையும் மட்டும்தான். பின்னால் ஆக்ஸிலோடு, அதாவது சக்கர அச்சோடு, தொங்குகிற கியர் குண்டு, டிஃபரன்ஷியல், இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைத் தரையிலிருந்து மேலே கொண்டுபோக டயரால் மட்டுமே முடியும். பெரிய டயருக்கு நேர்மையான காரணம் இது ஒன்றுதான். சரி, எவ்வளவு உயரும்?

245/75 ஆர்16 டயரின் மொத்த உயரம் சுமார் 774 மி.மீ. கடைக்காரர் போடச் சொன்ன 265/75 ஆர்16 சுமார் 804. வித்தியாசம் 30 மி.மீ. ஆக்ஸில் டயரின் நடுவில் இருப்பதால் அதற்குக் கிடைப்பது பாதி, 15 மி.மீ. ஒரு விரல் கனம்.

அந்த ஒரு விரலுக்கு நான் கொடுக்க வேண்டியதைப் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-ல் போகும். எல்லா கியரும் அதே நாலு சதவீதம் நீளும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் இழுத்தது முதல் கியர் கேட்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே எங்காவது உரசுகிறதா என்று ஒவ்வொரு பள்ளத்திலும் காது கொடுக்க வேண்டும். பிரேக்குக்கு வேலை கூடும். ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிற வண்டி இது. கனமான டயரை அங்கே மாட்டினால் மேடுபள்ளத்தில் அத்தனை ஆட்டமும் கதவுக் கீலுக்குப் போகும். இது போக, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இருக்கிறது. ஏற்கெனவே தூக்கி நிற்கிற வண்டிக்கு இன்னொரு வம்பு எதற்கு?

அப்புறம் எல்.டி. டயர். லைட் டிரக் என்பதன் சுருக்கம், சைஸுக்கு முன்னால் எல்.டி. என்று போட்டிருக்கும். சைடு வால், அதாவது டயரின் பக்கச் சுவர், கெட்டி, கல்லும் முள்ளும் சுலபத்தில் கிழிக்காது. சீமைக்கருவேல முள் கிடக்கிற ஊரில் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் டயரில் லோடு இண்டெக்ஸ் என்று ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். 111 என்றால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும். நான்கும் சேர்ந்து 4,360 கிலோ. என் வண்டி காலியாக இரண்டு டன்கூட இல்லை. எல்.டி.யில் இந்த எண் 120-ஐத் தொடுகிறது, அதாவது டயருக்கு 1,400 கிலோ. தேங்காய் லோடு அடிக்கிற வண்டிக்குச் சரி. எனக்கு அந்தக் கெட்டித்தனம் முழுக்க இடுப்பு எலும்பில்தான் இறங்கும். டயரும் கனம், டீசலும் கூடக் குடிக்கும். கூரான பாறைகளில் மணிக்கணக்காக ஊர்பவர்கள் எல்.டி. போடட்டும், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

நான் அதிகம் பார்த்தது பட்டனை, அதாவது தரையில் படுகிற ரப்பர் கட்டைகளை. பட்டன் பெரிசாக, இடைவெளி அகலமாக இருந்தால் சேற்றைக் கக்கும். அதே அகலத்தால் தார்ச்சாலையில் படுகிற ரப்பர் குறையும், சத்தம் கூடும். சேற்றுக்கென்றே செய்கிற மட் டெரெய்ன் டயரின் குறை இதுதான். ஆழியாறிலிருந்து வால்பாறை போக 40 கொண்டை ஊசி வளைவுகள். ஜூன், ஜூலையில் ரோடு காய்வதே இல்லை. அங்கே இறக்கத்தில் திடீரென்று பிரேக் அடித்தால் உதவுவது பட்டனின் மேல் பிளேடு வைத்துக் கீறின மாதிரி ஓடுகிற மெல்லிய கோடுகள். சைப் என்பார்கள். ஈரத்தில் பிடிமானம் கொடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு. சில டயர்களில் அந்தக் கோடு மேலோட்டமாக இருக்கும், பாதி தேய்ந்ததுமே மறைந்துவிடும். கடையில் நகத்தை விட்டுப் பார்த்தேன். கடைப்பையன் ஒரு மாதிரி பார்த்தான்.

சைடு வாலில் மலையும் பனிப்பூவும் போட்ட முத்திரையைக் காட்டி இது ஒசத்தி என்றார் ஒருவர். அது பனியில் பிடிக்கும் என்பதற்கான சான்று. பொள்ளாச்சியில் எனக்கு அது எதற்கு?

கரிசலைப் பற்றி ஒரு வார்த்தை. உடுமலைப் பக்கம் மழை பெய்த மறுநாள் கரிசல் காட்டில் இறங்கினால் எந்த ஏ.டி. டயரும் பத்தடியில் மொட்டைதான். பட்டனுக்கு நடுவில் மண் அப்பிக்கொண்டு உருண்டையாகச் சுற்றும். மட் டெரெய்ன் இன்னும் கொஞ்சம் தூரம் போய்ச் சிக்கும், டிராக்டர் கூப்பிடும் தூரம் அதிகமாகும், அவ்வளவுதான். வெயில் வரும்வரை காத்திருப்பது சும்மா கிடைக்கிறது.

தேரி மணல் கதை வேறு. அங்கே பட்டனைவிடக் காற்றுதான் முக்கியம். 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் நீளமாகப் படிந்து மணல் மேல் மிதக்கும். திரும்ப ஏற்றச் சின்ன கம்ப்ரஸர் ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கிறது. காற்று ஏற்றாமல் அப்படியே ஹைவேயில் விரட்டினால் டயர் சூடேறிக் கிழியும்.

கடைசியில் யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ.டி. வாங்கினேன். இதே சைஸில் நம் ஊர்க் கம்பெனிகளும் ஏ.டி. போடுகின்றன, சைப் ஆழத்தைப் பார்த்து எடுத்தால் எதுவும் மோசமில்லை. பில் போடும் முன் சைடு வாலில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 1825 என்றால் 2025-ம் ஆண்டின் 18-வது வாரம் செய்தது. குடோனில் மூன்று வருடம் தூங்கிய டயரைப் புதுசு விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.

நாலு வாங்கினால் தள்ளுபடி என்றார்கள். ஐந்தாக வாங்கினேன். ஸ்டெப்னியையும் சேர்த்து 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் சுற்றி மாற்றினால் எல்லாம் ஒரே அளவில் தேயும், அவசரத்துக்குக் கழற்றும்போது பழைய டயரும் புது டயரும் ஜோடி சேராது. தள்ளுபடி ஐந்தாவது டயருக்கு இல்லையாம்.