கட்டுப்பாடும் கண்டுபிடிப்பும்

சுற்றாடல் சட்டங்கள் தொழிலை முடக்கிவிடும் என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் சுட்டிக்காட்டுவது, 1970ஆம் ஆண்டு அமெரிக்கா இயற்றிய தூய காற்றுச் சட்டத்தைத்தான். கார்ப் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டையும் ஐதரோகாபன்களையும் 1975க்குள் 90 வீதம் குறைக்க வேண்டும் என்று அது விதித்தபோது, அந்நாட்டின் பெரிய நிறுவனங்கள் கால அவகாசம் கேட்டன. ஹொண்டாவோ, பிரதான எரியறையை ஒட்டிச் சிறியதொரு முன்னறையை அமைத்து, அதில் செறிவான எரிபொருட் கலவையைப் பற்றவைத்து, அந்தச் சுவாலையால் ஐதான கலவையை முழுமையாக எரியச் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி, புகைக்குழாயில் பொருத்தி நச்சு வாயுக்களைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி இல்லாமலேயே அந்த அளவை எட்டியது. சட்டம் எந்தக் கருவியையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. அளவையும் காலக்கெடுவையும் மட்டுமே சொன்னது. நன்கு வகுக்கப்பட்ட கட்டுப்பாடு புத்தாக்கத்தைத் தூண்டும் என்று 1991இல் அமெரிக்க வணிகத்துறைப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் வாதிட்டதும் இதையே.

"நன்கு வகுக்கப்பட்ட" என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். இலங்கையில் சோறு பொதியும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான லஞ்ச் ஷீட் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் சென்ற கிழமை திருகோணமலையில் நான் வாங்கிய சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது, சூடான பருப்புக்கு அடியில் ஒட்டிக்கிடந்தது அதே மெல்லிய தாள்தான். கண்காணிப்புத் தளர்ந்த இடத்தில், மக்கும் பொருளில் மாற்றுத் தாள் செய்ய முதலிட்ட சிறு உற்பத்தியாளரால் மலிவான பழைய தாளோடு போட்டியிட முடிவதில்லை என்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. அந்தத் தாள்கள் காற்றோடு பறந்து கடைசியில் திருகோணமலையின் டச்பே கடற்கரையில்தான் ஒதுங்குகின்றன.