பாஸ்கல் லைப்ரரியை சி-யிலிருந்து அழைக்கும்போது

ஃப்ரீ பாஸ்கல் கம்பைலரில் எழுதிய ஷேர்டு லைப்ரரியை (மற்ற புரோகிராம்கள் ஓடும்போது ஏற்றிப் பயன்படுத்தும் ஃபைல்) லினக்ஸில் சி புரோகிராமிலிருந்து அழைப்பது பெரிய வித்தை இல்லை. 'புரோகிராம்' இருக்கும் இடத்தில் 'லைப்ரரி', ஃபங்ஷன் தலைப்பின் கடைசியில் சி-யின் அழைப்பு முறையைக் குறிக்கும் 'சிடெக்ல்', கீழே வெளியே தெரிய வேண்டிய ஃபங்ஷன்களின் 'எக்ஸ்போர்ட்ஸ்' பட்டியல். அதில் 'நேம்' போட்டுப் பெயரை மேற்கோளுக்குள் எழுதிவிடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பாஸ்கலுக்கு ஒன்றுதான், சி விடாது.

'சிடெக்ல்' மறந்தாலும் 64 பிட்டில் பெரும்பாலும் ஓடிவிடும், அதுதான் ஆபத்து. 32 பிட் இன்டெலில் சி ஆர்கியுமென்ட்களை ஸ்டாக்கில் (மெமரியின் ஒரு பகுதி) வைக்கும், பாஸ்கல் ரெஜிஸ்டரில் (பிராசஸருக்குள் இருக்கும் சிறு இடம்) தேடும். வருவது குப்பை.

கம்பைலருக்கு மோடு எதுவும் சொல்லாவிட்டால் பாஸ்கல் இன்டிஜர் 16 பிட். சி-யிலிருந்து 40000 அனுப்பினால் அங்கே -25536 என்று நிற்கும். இதைத் தவிர்க்க, சிடைப்ஸ் யூனிட்டில் உள்ள, சி-யின் இன்ட்டுக்குச் சமமான சிஇன்ட் போதும்.

ஸ்ட்ரிங்தான் நிஜத் தலைவலி. பாஸ்கலே மெமரியை நிர்வகிக்கும் ஆன்சிஸ்ட்ரிங்கை வெளியே விடாதீர்கள், சி-யின் சார் பாயின்டருக்குச் சமமான பிசார் மட்டும். பாஸ்கல் ஒதுக்கிய மெமரியை மெமரியை விடுவிக்கும் சி-யின் ஃப்ரீ ஃபங்ஷனிடம் கொடுத்தால் கிராஷ் ஆகலாம். விடுவிப்பதற்கும் ஒரு பாஸ்கல் ஃபங்ஷனை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பாஸ்கலில் எழும் எக்ஸெப்ஷனை லைப்ரரிக்கு உள்ளேயே பிடித்து எர்ரர் எண்ணாகத் திருப்புங்கள்.

லிங்க் சரியாகி, ஓட்டும்போது மட்டும் ஃபைல் இல்லை என்றால் லைப்ரரியை எந்த ஃபோல்டர்களில் தேடுவது என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத்தைப் பாருங்கள்.