மிரிஸ்ஸவில் இரண்டரைத் திமிங்கிலம்

இலங்கையின் தென்கரையில், திமிங்கிலம் பார்க்கப் படகில் கூட்டிப்போகும் ஊர் மிரிஸ்ஸ. அங்கே எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஆட்டோக்காரரைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு அடுத்த வரி ஓடாது.

கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறி, கடலை ஒட்டியே வந்து, வெலிகமவில் இறங்கினோம், நானும் அக்காவும். மிரிஸ்ஸ அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். 2,500 ரூபாய் கேட்டார். இலங்கை ரூபாய்தான், ஆனாலும் அநியாயம். பேசிப் பேசி 1,800க்கு இறங்கி வந்தார். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, பை இரண்டு இருப்பதால் இன்னும் 300 என்றார். கொடுத்துத் தொலைத்தோம். திரும்பும்போது அதே தூரத்துக்குப் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சில்லறைக் காசுதான் ஆயிற்று. அந்தச் சாலையில் பஸ் வந்துகொண்டே இருக்கிறது. கை காட்டினால் நிற்கிறது.

அந்த எரிச்சலில் அக்கா, இனி எதிலும் மலிவானதுதான் என்று முடிவெடுத்துவிட்டாள். துறைமுகத்தருகே நான்கு இடங்களில் விசாரித்து, இருப்பதிலேயே குறைந்த விலை சொன்ன படகில் இடம் பிடித்தாள். அங்கேதான் சறுக்கினோம்.

காலை 6:30க்குப் புறப்பட்டோம். இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனைப் பக்கம் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடற்பகுதி, மிகக் குறுகல். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆழ்கடல் வந்துவிடும். அதனால்தான் காலையில் போய்த் திமிங்கிலம் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்ப முடிகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே. அதற்குப் பிறகு போகிறவர்கள் திருகோணமலைப் பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகில் முட்டை சாண்ட்விச் கொடுத்தார்கள். இலவசம் என்று அக்கா இரண்டு சாப்பிட்டாள். அரை மணி நேரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் கடலுக்கே கொடுத்துவிட்டாள். வாந்தி மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். படகு ஆட ஆரம்பித்தபின் போட்டால் அதுவும் மீன்களுக்குத்தான்.

திடீரென்று தொலைவில் வெள்ளையாக ஒரு நீர்ப்பீச்சு. அவ்வளவுதான், ஏழெட்டுப் படகுகள் பந்திக்கு முந்துவதுபோல் பாய்ந்தன. எங்கள் படகுதான் முதலில். திமிங்கிலத்துக்கு 100 மீட்டருக்குள் படகு போகக் கூடாது என்று அந்த நாட்டில் விதியே இருக்கிறது. யார் மதிக்கிறார்கள்? நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வால் மட்டும் எழுந்து, நீர் சொட்டச் சொட்ட ஒரு கணம் நின்று, உள்ளே போய்விட்டது. அரைத் திமிங்கிலம். அடிவானத்தில் சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. உலகின் நெரிசலான கப்பல் வழிகளில் ஒன்று இது. அவற்றில் மோதிச் சாகும் திமிங்கிலங்களும் உண்டு. அது போதாதென்று நாங்கள் வேறு துரத்திக்கொண்டிருந்தோம். காசு கொடுத்து இதைச் செய்கிறோமே என்று எனக்குக் கூசியது.

பிறகு எஞ்சின் சூடாகி நின்றுவிட்டது. மற்ற படகுகள் எங்களை விட்டுவிட்டு வேறு பக்கம் பறந்தன. மலிவுப் படகின் லட்சணம் இதுதான் என்று அக்காவைத் திட்ட வாயெடுத்தேன். பின்னாலிருந்து, லாரியின் ஏர் பிரேக்கைப் பிடித்து விட்டதுபோல் ஒரு சத்தம்.

இரண்டு நீலத் திமிங்கிலங்கள், தாமாகவே எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை பளிச்சென்ற பச்சை கலந்த நீலம். மேலே வந்தால் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக. முதுகு வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது; முடியும் இடத்தில் கேலிக்கு வைத்ததுபோல் ஒரு சின்னத் துடுப்பு. அண்டார்க்டிக் கடலில் இருப்பவற்றைவிட இவை சிறியவையாம்! எனக்கு இரண்டு பஸ்களை நீளவாக்கில் நிறுத்தியதுபோல் இருந்தது. மூச்சு விட்டபோது பறந்த திவலையில் அழுகிய மீன் வாடை. அவை மூழ்கிய இடத்தில் தண்ணீர், எண்ணெய் ஊற்றியதுபோல் வட்டமாக, அலையில்லாமல் கொஞ்ச நேரம் கிடந்தது. அந்த வட்டத்தைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். ‘திமி’ என்ற பெரிய மீனையே விழுங்குவது என்று பெயர் வைத்திருக்கிறோம். இந்தக் கடலில் அது விழுங்குவதோ பொடி இறால்.

கரைக்கு வந்ததும் பசி. சோற்றுக்கு அம்புல் தியல் வைத்தார்கள்: கொறுக்காய்ப்புளியும் மிளகும் போட்டு, குழம்பே இல்லாமல் வற்றவைத்த சூரை மீன். தென்கரையின் சொந்தச் சமையல். காலையில் அத்தனை பாடுபட்ட அக்கா இரண்டாம் முறை சோறு வாங்கினாள். இந்தப் பயணத்தில் நான் முணுமுணுக்காமல் கொடுத்த பணம் அது ஒன்றுதான்.

சாயங்காலம், மறுநாளும் போகலாமா என்று அவளே ஆரம்பித்தாள். இந்த முறை விலையைக் கேட்கவில்லை. திமிங்கிலத்துக்கு எவ்வளவு கிட்டப் போவீர்கள் என்று படகுக்காரர் ஒருவரிடம் கேட்டாள். “உங்களுக்கு எவ்வளவு கிட்ட வேண்டுமோ அவ்வளவு கிட்ட” என்றார் அந்த மனிதர், பெருமையாக. எழுந்து வந்துவிட்டோம்.