பணியாரச் சட்டியில் கிரேயான்

மே 4, ஞாயிறு
அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. வேலூர் வெயிலில் பிள்ளைகளை வெளியே அனுப்ப மனம் வரவில்லை. அலமாரியை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஒடிந்த கிரேயான்கள் கிடைத்தன. வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்ததும் காகிதச் சுற்று வழுக்கிக்கொண்டு கழன்றது. முழுதாக இருந்த பன்னிரண்டை மட்டும் கெட்டி அட்டையின் மேல் விளிம்பில் பெவிகாலால் ஒட்டி, இரவு காயவிட்டேன்.

மே 5, திங்கள்
அட்டையைச் சுவரில் சாய்த்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினேன். காற்றின் வேகத்தைக் குறைத்துச் சூட்டைக் கூட்டவேண்டும். முதலில் அது தெரியாமல் சுவரெல்லாம் சிவப்புத் துளிகள். பிறகு நிறங்கள் மழைபோல் வழிந்தன. சிவப்பும் பச்சையும் கலந்த இடம் மட்டும் சேறாகிவிட்டது.

சூடு என்பதால் கருவியைப் பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை. "அம்மாவின் படம் அழகாக இருக்கிறது" என்றாள் பெரியவள். என் படம்! அவர்களுக்காகத் தொடங்கியதல்லவா இது? இரவெல்லாம் அது உறுத்தியது.

மே 6, செவ்வாய்
சுவர்த் துளிகளைப் பனிக்கட்டி வைத்து இறுக்கிச் சுரண்டினேன்.

மே 7, புதன்
பரணில் கிடந்த, அத்தையின் கைப்பிடி உடைந்த குழிப்பணியாரச் சட்டியை இறக்கினேன். இனி அது சமையலுக்கு இல்லை. எந்தக் குழியில் எந்த நிறம் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்து துண்டுகளை நிரப்பினார்கள். பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் வைத்தோம். கிரேயானில் இருப்பது பாரஃபின் மெழுகு. அது இளக 60 டிகிரி போதும். கறுத்த இரும்பு உச்சி வெயிலில் அந்தச் சூட்டை எட்டிவிட்டது.

அரைமணிக்கொரு முறை படியேறி ஓடினார்கள். கறுப்புத் துண்டு முதலில் குழைந்தது. வெள்ளை வெகுநேரம் அப்படியே கிடந்தது. "கறுப்புதான் வெயிலை நிறையக் குடிக்கிறது" என்றான் சின்னவன். நான் ஒரு வார்த்தையும் சொல்லித் தரவில்லை.

மாலையில் ஆறவிட்டு, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துக் கவிழ்த்துத் தட்டினோம். ஏழு பணியாரங்கள்!

மே 9, வெள்ளி
பெரியவர்களும் மெழுகில் படம் வரைவார்களா என்று கேட்டாள் பெரியவள். எகிப்தின் ஃபாயூம் ஓவியங்களைக் காட்டினேன். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் தேன்மெழுகில் நிறம் குழைத்து மரப்பலகையில் தீட்டிய முகங்கள். அந்தக் கண்களையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு பணியாரத்தை எடுத்துப் பாட்டியின் முகத்தை வரையத் தொடங்கினாள். திருப்பும்போதெல்லாம் நிறம் மாறியது. கொண்டை பாதி பச்சை, பாதி ஊதா. அத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

டப்பாவில் இன்னும் இரண்டு குழிக்குத் துண்டுகள் இருக்கின்றன. நாளை வெள்ளையைப் பொடித்து, கறுப்புக்கு அடியில் போட்டுப் பார்க்கவேண்டுமாம். சின்னவன் இப்போதே அம்மிக்குழவியைத் தேடிக்கொண்டிருக்கிறான்.