மீகாங் ஆற்றில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போன கதை

தாய்லாந்தின் வடக்குப் பக்கத்திலிருந்து லாவோஸின் லுவாங் பிரபாங் நகரத்துக்கு மீகாங் ஆற்றிலேயே போகலாம், அதற்கு இரண்டு வகைப் படகு உண்டு. ஒன்று மெதுவாகப் போவது. கூரை போட்ட நீளமான மரப்படகு, உள்ளே பழைய வேன்களிலிருந்து கழற்றிய சீட்டுகளைப் போட்டிருப்பார்கள், இரண்டு நாள் ஆகும், நடுவில் பாக்பெங் என்ற சின்ன ஊரில் ராத்திரி தங்க வேண்டும். இன்னொன்று வேகப்படகு. அதே முந்நூறு கிலோமீட்டரை ஆறேழு மணி நேரத்தில் முடித்துவிடும். நானும் நண்பனும் போனது இரண்டாவதில்.

நண்பனுக்குக் கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலையில் வேலை. சீசன் ஆரம்பித்துவிட்டால் சொந்தத் தங்கை கல்யாணத்துக்கே அரை நாள்தான் கிடைக்கும் என்பான். அதனால் மார்ச் மாதத்தில், மூட்டை முடிச்சை முதுகில் மாட்டிக்கொண்டு, கையில் இருந்த காசுக்குள் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் என்று கிளம்பினோம். சியாங் கோங்கில் 2013ல் திறந்த நட்புப் பாலத்தைத் தாண்டி, விசா வரிசையில் நின்று, லாவோஸ் பக்கத்து ஹுவாய் சாய் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மெதுவான படகு கிளம்பிப் போயிருந்தது. அடுத்தது மறுநாள்தான். நண்பன் லீவு கணக்குப் பார்த்தான். "மாப்ள, வேகப்படகு இருக்காமே?" என்றான். இருந்தது.

துறையில் இருந்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்டும் ஒரு ஹெல்மெட்டும் நீட்டினார். பைக் ஹெல்மெட். முகத்தை மூடும் கண்ணாடியோடு. ஒகேனக்கல்லில் எத்தனையோ தடவை பரிசல் ஏறியிருக்கிறேன், லைஃப் ஜாக்கெட் சரி, ஹெல்மெட் எதற்கு என்று கேட்கத் தோன்றியது, யாரிடம் கேட்பது, எந்த மொழியில் கேட்பது? என்னுடையதில் தாடைப் பட்டி பாதி அறுந்திருந்தது.

படகைப் பார்த்ததும் ஓரளவு புரிந்தது. ஒல்லியான மரத்தொட்டிதான் அது, பின்னால் காரிலிருந்து கழற்றிய எஞ்சின், அதிலிருந்து நீண்டு தண்ணீருக்குள் போகும் இரும்புத் தண்டு, அதன் நுனியில் ப்ரொப்பல்லர். இரண்டு இரண்டு பேராக, முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு உட்கார வேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு லாவோஸ் அம்மா மடியில் புத்தம் புது ரைஸ் குக்கர் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எஞ்சின் போட்ட அடுத்த நிமிடமே தூங்கிவிட்டார். அந்தச் சத்தத்தில். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது, இவர் தூங்குகிறார் என்றால் இது இங்கே டவுன் பஸ் கணக்குத்தான் என்று.

வேகம் எடுத்ததும் படகு தண்ணீரில் போகவில்லை, தட்டைக் கல்லை ஆற்றில் வீசினால் தத்தித் தத்திப் போகுமே அப்படிப் போனது. ஒவ்வொரு தத்தலுக்கும் முதுகெலும்பில் ஒரு குத்து. மார்ச்சில் ஆறு வற்றிக் கிடக்கும், மழைக்கு முன்னால் மலைச்சரிவுகளில் காட்டை எரித்து விவசாயத்துக்குத் தயார் செய்வதால் பள்ளத்தாக்கு முழுக்கப் புகை வேறு. ஆற்றின் நடுவே பாறைகள் வரிசையாக மேலே வந்துவிட்டன, புகைக்குள்ளிருந்து திடீர் திடீரென்று அவை முளைக்கும், ஓட்டுகிறவர் கடைசி நொடியில் ஒடித்துத் திருப்புவார். இதற்கு மேலே சீனாவில் வரிசையாக அணைகள் இருக்கின்றன, அங்கே திறப்பதையும் அடைப்பதையும் பொறுத்து இங்கே நீர்மட்டம் ஏறி இறங்கும். காவிரியில் பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி வருகிறது என்று தினசரி பேப்பரில் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேற்று முங்கியிருந்த பாறை இன்றைக்கு வெளியே, இன்றைக்கு வெளியே இருப்பது நாளை முங்கி. மோசமானது முங்கியிருப்பதுதான்.

எனக்கு இது தெரிந்திருந்ததுதான் பிரச்சினை. எங்கள் சித்தப்பா ஒகேனக்கல் பக்கத்து ஊட்டமலையில் பரிசல் ஓட்டுகிறவர். பென்னாகரத்தில் பள்ளிக்கூடம் விட்ட லீவில் அவரோடு போய் உட்கார்ந்துகொள்வேன். "தண்ணி கொதிக்கிற மாதிரி கீழிருந்து எழும்புதா, அங்க அடியில பாறை இருக்குது, தள்ளிப் போ" என்று துடுப்பாலேயே காட்டுவார். சுழி எங்கே ஆரம்பிக்கும், எந்தச் சுழி இழுத்து விட்டுவிடும், எது பிடித்து வைத்துக்கொள்ளும் என்றும் சொல்வார். நண்பனுக்கு இந்தப் படிப்பு கிடையாது. அவன் பயம் முழுக்க, 2005ல் சியாங் கோங்கில் 293 கிலோவில் ஒரு பெரிய கெளுத்தி பிடிபட்டதாக முந்தின ராத்திரி எங்கேயோ படித்தது. நான் அந்த மீனைப் பற்றி நினைக்கவே இல்லை. கொதிக்கிற இடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன், ஓட்டுகிறவர் அவற்றின் மேலேயே நேராக ஏறிப் போய்க்கொண்டிருந்தார்.

பாக்பெங்கில் படகை மாற்றினார்கள். ஒரு தட்டு ஒட்டுச் சோறும் கருகிய மீனும் சாப்பிட்டோம், அந்த அம்மா குக்கரோடு நம் படகிலேயே ஏறினார், மறுபடி தூங்கினார்.

அதற்குப் பிறகு, எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை, இரண்டு பக்கமும் பாறை நெருக்கிக்கொண்டு வந்து ஆறு ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கும் இடத்தில், எஞ்சின் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. அத்தனை நேரம் காதை அடைத்த சத்தம் போனதும் தண்ணீரின் சத்தம் கேட்டது. அதுதான் முதல் பயம். அதுவரை இந்த ஆறு சத்தம் போடுவதே எங்களுக்குத் தெரியாது. படகு மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பியது, திரும்பியபடியே கீழே இழுத்துக்கொண்டு போனது. ஓட்டுகிறவர் தண்டைத் தூக்கிப் பார்த்தார், ப்ரொப்பல்லரில் மீன்வலை சுற்றிக்கொண்டிருந்தது, நீல நைலான் வலை, ஒரு கத்தியை எடுத்து அறுக்க ஆரம்பித்தார். முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் எதுவும் பேசாமல் மூங்கில் கழியை எடுத்து நின்றார். குக்கர் அம்மா விழித்துக்கொண்டார். சுற்றிப் பார்த்தார், பெட்டியை மடியிலிருந்து காலுக்கடியில் இறக்கி வைத்தார், ஹெல்மெட் பட்டியை இழுத்து இறுக்கினார்.

எனக்கு வயிறு கலங்கியது அப்போதுதான்.

பாறை எங்கள் பக்கம்தான் வந்தது. நண்பன் என்ன நினைத்தானோ, காலை வெளியே நீட்டிப் பாறையை உதைத்துத் தள்ளப் பார்த்தான். "கால உள்ள எடுடா!" என்று கத்தினேன். பரிசலில் முதல் பாடமே அதுதான், கையையும் காலையும் வெளியே விடாதே, பாறைக்கும் பரிசலுக்கும் நடுவில் மாட்டினால் எலும்பு மிஞ்சாது. எடுத்தான். எடுத்த கையோடு படகின் பக்கம் பாறையில் உரசியது, பலகை விரிகிற சத்தம், பெரியவர் கழியை ஊன்றி முழு உடம்பையும் போட்டுத் தள்ள, பின்பக்கம் சுற்றிப்போய் இன்னொரு பாறையைத் தொட்டும் தொடாமலும் நழுவ, நான் முன்சீட்டு ஆளின் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு என்ன வேண்டிக்கொண்டேன் என்று ஞாபகம் இல்லை, முனியப்பனா அய்யனாரா, தெரிந்த பெயர் எல்லாம் வந்தது. காலுக்கடியில் சில்லென்று தண்ணீர். வலை அறுந்தது. எஞ்சின் இரண்டு தடவை ஏமாற்றிவிட்டு மூன்றாவதில் பிடித்தது.

எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் இருக்கலாம்.

இதில் எனக்கு ஆறாதது, அதற்கு அப்புறம் நடந்ததுதான். ஒரு மணல்திட்டில் ஒதுக்கி, விரிசலில் துணியைத் திணித்து, பாதியாக வெட்டிய எண்ணெய் கேனால் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, ஒரு சிகரெட் பிடித்து முடித்து, மறுபடி அதே வேகம். மெதுவாகப் போகச் சொல்லிக் கையால் காட்டினேன், சிரித்தார். அந்த அம்மா திரும்பி நாலு வார்த்தை சொன்னார், அதற்கு மட்டும் இரண்டு திருப்பம் வரை மரியாதை இருந்தது.

பரிசலும் பாறையில் முட்டும். தினமும் முட்டும். ஆனால் மூங்கில் பின்னலுக்கு வளைந்து கொடுக்கத் தெரியும், முன் பின் இல்லாத வட்டம் என்பதால் முட்டினால் ஒரு சுற்றுச் சுற்றி அதுபாட்டுக்கு விலகிப் போகும், முக்கியமாக அது மெதுவாகப் போகிறது. முன்பு தோல், இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும், மற்றபடி அதே வடிவம்தான். மீகாங்கில் அந்தப் பலகைப் படகு முழு வேகத்தில் முட்டியிருந்தால் விலகுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. இன்னொன்றும் உண்டு. வெளியூர்ச் சொந்தம் வந்திருக்கும் நாளாகப் பார்த்து நீர்வரத்து கூடிவிட்டது என்று பரிசலுக்குத் தடை போடுவார்கள், நாம் கலெக்டரைத் திட்டிக்கொண்டே மீன் வறுவல் மட்டும் தின்றுவிட்டுத் திரும்புவோம். ஹுவாய் சாயில் அன்றைக்குப் புகைக்காகப் படகு கிடையாது என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் அவரையும் திட்டியிருப்போம், அது வேறு விஷயம்.

லுவாங் பிரபாங்குக்குக் கொஞ்சம் மேலே பாக் ஓவில், ஆற்றைப் பார்த்த குகைகளில் ஆயிரக்கணக்கில் புத்தர் சிலைகள் இருக்கின்றன, அதைப் பார்க்கவே எத்தனையோ பேர் அங்கே வருகிறார்கள். நாங்கள் அதைத் தாண்டித்தான் வந்தோம். நண்பன் தலையை நிமிர்த்தவே இல்லை. ஊருக்கு வடக்கே பத்து கிலோமீட்டருக்கு முன்னாலேயே இறக்கிவிட்டார்கள், முழங்கால் நிமிர மறுத்தது, காதுக்குள் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் டுக்டுக்காரரிடம் பேரம் பேசியதே சண்டை மாதிரி இருந்திருக்கும்.

போகிறவர்கள் கேட்டால் சொல்வேன்: ஹுவாய் சாயில் ஒரு ராத்திரி தங்குங்கள், காலையில் மெதுவான படகைப் பிடியுங்கள். ஆறு நன்றாகத்தான் இருக்குமாம், எங்களுக்குப் பார்க்க நேரமில்லை. லுவாங் பிரபாங்கிலிருந்து தலைநகர் வியந்தியானுக்கு இப்போது ரயிலே இருக்கிறது, 2021 டிசம்பரில் தொடங்கியது, இரண்டு மணி நேரம்தான். நாங்கள் அதில்தான் போனோம், நண்பன் ஜன்னல் சீட்டைக்கூடக் கேட்கவில்லை.

வீட்டில் அவன் மொத்தப் பயணமும் ரயிலில் என்றே சொல்லி வைத்திருக்கிறான். காவேரிப்பட்டணம் பக்கத்தில் அவன் அம்மாவைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவு செய்து வாயைத் திறக்காதீர்கள். ஜூலையில் மாம்பழச் சீசன் முடிந்ததும் அடுத்த இடம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறான், வீட்டில் அனுமதி கிடைக்க வேண்டும்.